பாராட்டுக்கு ஒரு பிடி உப்பு மிளகாய்

எங்கள் கடைக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். கொண்டை ஊசி வளைவுகளைத் திட்டிக்கொண்டே ஒரு அம்மாள் தலையைப் பிடித்தபடி இறங்கி, தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. என் மகள் கோபிகா உள்ளே ஓடி, ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு துண்டு எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து நீட்டினாள். யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து அவளாகவே செய்தாள்.

எலுமிச்சையை மோந்து பார்த்து, தண்ணீரைக் குடித்ததும் அவருக்கு உயிர் வந்தது. "ஏனுங்க, இது உங்க புள்ளைங்களா? என்னா சூட்டிப்பு பாருங்க! தங்கமான புள்ள!" என்றார்.

அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அடித்துப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார். "அட, நீங்க வேறங்க! இது எதுக்குமே ஆவாதுங்க. சரியான மக்கு. சோத்துக்குத்தான் கேடு."

சொல்லி முடித்து, ஏதோ பெரிய ஆபத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றியவர் போல நிம்மதியாக மூச்சு விட்டார். கோபிகா காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

சூப்புக் கடை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்காக நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில், எடப்புளி நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு), பஸ் திரும்புகிற இடத்தில் எங்கள் கடை. டீ, வடை, முடவாட்டுக்கால் சூப்பு. கீழேயிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் இது ஆட்டுக்கால் சூப்பா என்று கேட்பார்கள். இல்லீங்க, பாறையில் முளைக்கிற கிழங்கு என்று சொன்னால், ரோமத்தோடு கிடக்கும் கிழங்கை ஒரு தடவை சந்தேகமாகப் பார்ப்பார்கள். பிறகு இரண்டு டம்ளர் குடிப்பார்கள். கேட்காதவர்களில் சிலர் கடைசி வரை அது ஆடுதான் என்று நம்பிக்கொண்டு மலை இறங்குவதும் உண்டு. நான் திருத்துவதில்லை. வியாபாரம் முக்கியம்.

என் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. எழுதினால் தப்பில்லை என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். செல்லமுத்து. கடைக்குப் பின்னால் இருக்கிற சரிவில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறார், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார். நல்ல மனுஷர். என் வாய்க்கு ஈடு கொடுத்து இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறவர் வேறு எப்படி இருப்பார்?

ஆனால் அவருக்கு ஒரு பயம் உண்டு. யாராவது எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கை கால் ஓடாது.

பலா மரத்தில் செருப்பு

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. காய்த்துத் தொங்கும் பலா மரத்தில் பழைய செருப்பைக் கட்டுவோம். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையை யாராவது கொஞ்சினால், "எங்கீங்க, சரியாவே திங்கறதில்ல" என்போம். அடுப்பில் மணக்கும் குழம்பைக்கூட "என்னமோ வெச்சிருக்கேன்" என்றுதான் சொல்ல வேண்டும். நல்லதை மறைத்து வைத்தால் கண் படாது என்பது கணக்கு.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது ஏன் கொஞ்சத்தோடு நிற்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. கோபிகாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். சுருள் முடி, கன்னத்தில் குழி. ஆடிப் பண்டிகைக்கு அவனை இவர் தோளில் தூக்கிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "எம்பையன் பாருங்க, எம்பையன் பாருங்க" என்று காட்டினார். ஊரே கொஞ்சியது. அந்த மழைக்காலத்தில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. கீழே கொண்டுபோவதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டான்.

காய்ச்சல் கண்ணால் வரவில்லை, மழையில் வந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பண்ண? அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை.

கோபிகா நடக்கத் தொடங்கினாள், "கோணக்காலு" என்றார். பேசத் தொடங்கினாள், "ஓட்டவாயி" என்றார். படிப்பில் நல்ல மார்க் வாங்கி வந்தாள், "எவளப் பாத்து எழுதுனியோ" என்றார். அவள் தூங்கும்போது போர்வையை இழுத்துவிட்டு, கன்னத்தைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது தூங்குகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஸ்டெல்லா டீச்சர் சொன்னது

கோபிகா ஒன்பதாவதுக்குப் போன வருஷம், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு விளையாட்டு டீச்சர் வந்தார். பெயர் ஸ்டெல்லா. தெற்கத்திக்காரர். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் பஸ் வரும்வரை எங்கள் கடையில்தான் டீ குடிப்பார்.

ஒரு நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, கோபிகா படிப்ப நிறுத்தப் போறாளா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆரு சொன்னது?"

"அவதான். ஒன்பதாவதோட நின்னுக்கிறேன், கடையில சொம்பு கழுவுறேங்கிறா. அவ காலப் பாத்திருக்கீங்களா? என்ன வேகம் தெரியுமா! ஆனா நடுக்கோட்டத் தாண்டி ரைடு போன்னா போக மாட்டேங்கிறா. ஓரத்துலயே நிக்கிறா. ஏம்மான்னு கேட்டா, நான் எதுக்கும் ஆவ மாட்டேன் டீச்சர், எங்கப்பாவே சொல்லிட்டாருங்கிறா."

என் வீட்டுக்காரர் வடைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கரண்டி அப்படியே நின்றது. வடை கருகியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"நான் அப்படியா சொன்னேன்?" என்றார்.

"தெனமும்தான் சொல்றீங்க" என்றேன்.

"அது கண்ணுக்குச் சொன்னது புள்ள. அவளுக்குச் சொன்னதில்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டீச்சர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை. "கண்ணுக்குக் காது இருக்குதுங்களா? புள்ளைக்குத்தான் காது இருக்குது! நீங்க சொல்றத அது கேட்டுச்சோ கேக்கலியோ, அவ ஒண்ணு விடாம கேட்டிருக்கா!"

அவர் கரண்டியை வைத்துவிட்டு மிளகுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். டீச்சர் பயந்துபோய் டீக்குச் சில்லறையைத் தேட ஆரம்பித்தார். அதெல்லாம் வேண்டாம் என்று உட்கார வைத்து, கருகாத வடையாகப் பார்த்து ஒன்று கொடுத்தேன்.

ஒப்பந்தம்

என் வீட்டுக்காரர் இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. நேரே என்னிடம் வந்து நின்றார்.

"நான் நல்ல வார்த்த சொல்றேன். ஆனா ஒண்ணு. சொன்ன அன்னிக்கெல்லாம் பொழுதோட புள்ளைக்குச் சுத்திப்போட்டுறோணும். உப்பு மொளகா நானே எடுத்துச் சுத்துவேன். சம்மதமா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷர் இவ்வளவு தூரம் இறங்கி வருவது லேசான காரியமில்லை. "சரீங்க" என்றேன்.

மறுநாள் காலையில் கோபிகா சொம்புகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இவர் போய்ப் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார். பெண் பார்க்க வந்த அன்றுகூட மனுஷர் இப்படி வேர்த்து நின்றதில்லை.

"சாமி... இந்தச் சொம்பு... நல்லா வெளக்கியிருக்கற."

கோபிகா சொம்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னிடம் ஓடி வந்து ரகசியமாகக் கேட்டாள். "அம்மா, அப்பாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

சாயங்காலம் அவளைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் கையில் பொத்தி, தலையைச் சுற்றினார்.

"எதுக்குங்கப்பா?"

"காத்தால நல்லா வெளக்கியிருக்கறன்னு சொன்னேன்ல. அதுக்கு."

"சொம்புக்கா?"

"சொம்புதான். இருந்தாலும் வாய் விட்டுச் சொல்லியாச்சுல்ல."

அவள் பொத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கண் படாத பொய்

சுத்திப்போட்டதை அடுப்பில் போடும்போது நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்பார்கள். மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால் பயமில்லை, கண் படவில்லை. எங்கள் அடுப்பிலிருந்து கிளம்பிய நெடியில் சூப்புக் குடிக்க வந்த நாலு பேர் எழுந்து ரோட்டுக்கே ஓடிவிட்டார்கள். நானும் கோபிகாவும் இருமி இருமிக் கண்ணில் நீர் விட்டோம். இவர் ஒருவர்தான் அந்தப் புகைக்கு நடுவில் முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

தைரியம் வந்துவிட்டது. வந்த தைரியம் தலைக்கேறியும் விட்டது. ஒரு வாரத்துக்கு வாயைத் திறந்தால் பாராட்டுதான். உட்கார்ந்தால், எழுந்தால், தும்மினால். ஒரு நாள் வாடிக்கைக்காரர்கள் முன்னால், "எம்புள்ளையாட்டம் இந்த மலையிலயே ஆளில்லீங்க" என்று அடித்துவிட்டார்.

கோபிகாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் உப்பு மிளகாயோடு வந்தவரிடம், "இன்னிக்கு வேண்டாங்கப்பா. அது பொய்யி. பொய்க்குக் கண்ணு படாது" என்றாள்.

மனுஷர் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். நானும்தான். பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று பெரியவர்கள் எவ்வளவோ பேசுகிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு எது நிஜமான பாராட்டு, எது ஒப்புக்குச் சொன்னது என்று நன்றாகவே தெரியும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

அதிலிருந்து அவர் கண்ணால் கண்டதை மட்டும்தான் சொன்னார். கண்டதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டுமே. அதனால் பார்க்கத் தொடங்கினார். "கணக்கு வரலைன்னு அடிச்சு அடிச்சு மறுபடி போட்டுக்கிட்டே இருந்தியே" என்பார். "அந்தப் பாட்டிக்குச் சூப்ப ஆத்திக் குடுத்தியே, நான் பாத்தேன்" என்பார். சின்னச் சின்ன விஷயம்தான். சாயங்காலம் எதற்காகச் சுத்திப்போடுகிறார் என்று கேட்பதற்காகவே அவள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தவள் அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டினாள். முன்பு ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை பேசாத பெண். கடைக்கு வாங்கிய மிளகாயில் பாதி அடுப்புக்குப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

படிப்பை நிறுத்துகிற பேச்சையும் காணோம். நானும் நினைவுபடுத்தவில்லை.

தோற்ற அன்றும்

பெரக்கரை நாட்டுப் பள்ளிக்கூடத்தோடு ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. அன்றுதான் கோபிகா முதன்முதலாக ரைடு போனாள். போன வேகத்தில் பிடிபட்டாள். அவள் அணி தோற்றது. முழங்காலில் சிராய்ப்போடு வந்தவள் நேரே கடைக்குப் பின்னால் போய், மிளகு காயப்போட்ட தார்ப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இவர் பின்னாலேயே போனார். எங்கே "இதுக்குப் போயி அழுவறியா" என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று நானும் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். அவர் தரையில் உட்கார்ந்தார். சிதறிக் கிடந்த மிளகைப் பொறுக்கித் தார்ப்பாயில் போட்டார்.

"அழுவு சாமி. தோத்தா அழுவ வரும்" என்றார்.

அவள் அழுதாள். அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே வந்து, உப்பையும் மிளகாயையும் எடுத்துக்கொண்டு போனார்.

"தோத்ததுக்கு ஆருங்கப்பா கண்ணு வெப்பாங்க?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"கோட்டத் தாண்டிப் போனியே. முன்னெல்லாம் போவவே மாட்டியாம், டீச்சர் சொன்னாங்க. இன்னிக்குப் போன. புடிபட்டும் கடேசி வரைக்கும் கபடிப் பாட்ட விடாம கோட்டுக்குக் கைய நீட்டுன. நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தேன்."

"நீங்க வந்திருந்தீங்களா?"

"கெழங்கு ஏத்தற லாரியில வந்தேன்."

அவள் தலையைக் குனிந்து காட்டினாள், அவர் சுற்றினார். அடுப்பில் போட்டதும் நெடி எப்போதும் போலத்தான் வந்தது. இருமலுக்கு நடுவில் அவர் என்னிடம் சொன்னார்: "எத்தன நல்லது சொன்னாலும் நம்ம புள்ளைக்கு ஒண்ணும் ஆவறதில்ல புள்ள. பாத்தியா?"

பார்த்தேன். பையன் போன பிறகு அந்த மனுஷர் இவ்வளவு நிம்மதியாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். எனக்கு இருமலில் வந்த கண்ணீர் எது, தானாக வந்தது எது என்று தெரியவில்லை.

காளப்பநாயக்கன்பட்டி மைதானம்

கீழே காளப்பநாயக்கன்பட்டியில் பள்ளிக்கூடங்களுக்கிடையில் போட்டி. கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் முதல் பஸ்ஸில் இறங்கினோம். கடையைப் பூட்டுவது எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான்.

மலையிலிருந்து வந்த பிள்ளைகள் மெலிசாக இருந்தார்கள். எதிரணிப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் நம்மில் இரண்டு சேர்ந்தது போல் இருந்தது. பார்க்க வந்தவர்கள் எங்கள் பிள்ளைகளைப் பாவம் என்று சொல்லிக்கொண்டே வேர்க்கடலை தின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவமாமே! சரிவில் குச்சிக்கிழங்கு மூட்டையோடு ஏறி இறங்குகிற கால்களைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்?

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் எங்கள் அணி ஒரு புள்ளி பின்னால் நின்றது. ஒரே ஒரு ரைடுக்குத்தான் நேரம் இருந்தது. எப்போதும் ரைடு போகிற பிரியா அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருந்தாள். கோட்டுக்குள் நின்ற பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். போகிறவள் பிடிபட்டால் தோல்வி அவள் தலையில். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கையை அசைத்து அவசரப்படுத்தினார்.

ஓரத்திலிருந்து கோபிகா முன்னால் வந்தாள். "நான் போறேன்" என்றாள். சத்தமாகவே சொன்னாள். எங்களுக்கே கேட்டது.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

கபடி கபடி என்று பாடிக்கொண்டு போனாள். எதிரில் மூன்று பேர். இடது பக்கம் போவது போல் போக்குக் காட்டி, சட்டென்று வலது பக்கம் பாய்ந்து, ஒருத்தியின் தோளைத் தொட்டாள். மைதானம் கத்தியது. அதோடு திரும்பினால் ஆட்டம் சமன். அவள் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. இன்னொருத்தி காலைப் பிடிக்கக் குனிந்தாள். கோபிகா அந்த முதுகைத் தொட்டுவிட்டு, மேலே தாவி, விழுந்து, புழுதியோடு புழுதியாகச் சறுக்கிக்கொண்டு வந்து கோட்டில் கை வைத்தாள். பாட்டு அறுபடவே இல்லை. விசில் ஊதியது.

ஜெயித்துவிட்டார்கள்!

எங்கள் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுழற்றினார். இறங்கி வந்த இடத்தில் என்ன குளிரோ தெரியவில்லை, அங்கேயும் ஸ்வெட்டர். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. தொண்டை கட்டி இரண்டு நாள் சூப்புதான் குடித்தேன்.

பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். "என்னா புள்ளைங்க அது! ஆரு ஊட்டுப் புள்ளைங்க?" என்று சுற்றிலும் கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது, மூடியது. எத்தனையோ வருஷப் பழக்கம் நாக்கு நுனியில் வந்து நிற்பதை நான் பார்த்தேன். பிறகு அவர் எழுந்து நின்று, மைதானத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"எம்புள்ளைங்க! எம்புள்ள கோபிகாங்க அது! நல்லா ஆடுவாளுங்க!"

கத்திவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். கடலை தின்றவர் பதறிப்போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் தடுக்கவில்லை. ஒரு பிள்ளைக்காக அழுததும் இன்னொரு பிள்ளைக்காக மகிழ்ந்ததும் அன்று ஒன்றாக வெளியே வந்தது. வரட்டும் என்று இருந்தேன்.

கோபிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். தலை முழுக்கப் புழுதி. உதட்டில் ஒரு கீறல். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று வார்த்தை தேடினார். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே அவளே முதலில் சொன்னாள்.

"அப்பா, நான் நல்லா ஆடுனேன்."

நல்லா ஆடுனேனா என்று அவள் கேட்கவில்லை.

"ஆமா சாமி" என்றார் அவர். "நானும் பாத்தேன்."